சோர்ஸிலிருந்து இயங்குதளம் கட்டுவது: பூட்ஸ்ட்ராப் சிக்கல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு லினக்ஸ் சிஸ்டத்தை முழுவதும் சோர்ஸிலிருந்து, அதாவது மனிதர் எழுதிய நிரல் வரிகளிலிருந்து, கட்டக் கற்றுத்தரும் லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் (இனி எல்எஃப்எஸ்) வழிகாட்டியைத் திறந்துவைத்து முதல் முறை சிஸ்டம் கட்ட உட்காரும் நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான பதில்கள் எல்எஃப்எஸ்ஸை வைத்தே இருக்கும். ஜென்டூ, டெபியன், கைக்ஸ் என்ற லினக்ஸ் வகைகள், பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் குடும்பம் பற்றியும் தேவைப்பட்ட இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

பூட்ஸ்ட்ராப் சிக்கல் என்றால் என்ன?

தயிர் தோய்க்க உறைமோர் வேண்டும். உறைமோர் நேற்றைய தயிரிலிருந்து வருகிறது, நேற்றைய தயிர் முந்தாநாள் தயிரிலிருந்து. வீட்டில் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கி வருகிறோம். அந்த வீட்டுத் தயிர் புளித்திருந்தால் நம் வீட்டுத் தயிரும் புளிக்கும்.

சோர்ஸை ஓடக்கூடிய பைனரியாக மாற்றும் கம்பைலரின் கதையும் இதேதான். ஜிசிசி என்ற கம்பைலர் சி++ மொழியில் எழுதப்பட்டது. அதைக் கட்ட ஒரு சி++ கம்பைலர் வேண்டும். கட்டும் முன் சிஸ்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்ட, கட்டளைகளை இயக்கும் ஷெல் வேண்டும், அந்த ஷெல்லைக் கட்டவும் ஒரு கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஓட வேண்டும். பார்சர்களை (இலக்கணப்படி எழுத்தைப் பிரித்தறியும் நிரல்களை) உருவாக்கும் பைசன் என்ற கருவியின் இலக்கணம் பைசனுக்கான மொழியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எங்கோ ஓரிடத்தில், நீங்கள் கட்டாத ஒரு பைனரியைக் கடன் வாங்கித்தான் தொடங்க முடியும். எதைக் கடன் வாங்குகிறீர்கள், எப்போது திருப்பித் தருகிறீர்கள் என்பது தெளிவாக இல்லாதபோது வருவதெல்லாம் பூட்ஸ்ட்ராப் சிக்கல்.

ஹோஸ்டில் ஏற்கெனவே ஜிசிசி இருக்கிறது. அதை வைத்தே எல்லாவற்றையும் நேராகக் கட்டினால் என்ன?

கட்டலாம். முக்கால்வாசி வேலை செய்யவும் செய்யும். அதுதான் ஆபத்து, ஏனென்றால் உடைவது உடனே உடையாது.

ஹோஸ்ட் என்பது நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் சிஸ்டம், உபுண்டுவோ ஃபெடோராவோ. அதில் உள்ள ஜிசிசிக்குத் தெரிந்த ஹெடர்கள் (லைப்ரரியில் என்னென்ன உண்டு என்று சொல்லும் கோப்புகள்) ஹோஸ்டின் ஹெடர்கள், அது இணைக்கும் சி லைப்ரரி ஹோஸ்டின் சி லைப்ரரி. நீங்கள் ஒரு பொதியை (தனியாக வெளிவரும் ஒரு மென்பொருளை) கட்டும்போது அதன் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் சுற்றுமுற்றும் பார்த்து, "அட, இங்கே இன்னொரு லைப்ரரியும் இருக்கிறதே" என்று அதையும் சேர்த்துக்கொள்ளும். நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள். பிறகு புதிய சிஸ்டத்துக்குள் சிஹெச்ரூட் செய்து (அதன் கோப்புறையையே வேர்க் கோப்புறையாக மாற்றிக்கொண்டு) நுழைந்தால் அந்த லைப்ரரி அங்கே இருக்காது.

அப்போது வரும் பிழைச் செய்தி புதியவர்களைக் குழப்பும்: "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று ஷெல் சொல்லும். பட்டியல் போட்டுப் பார்த்தால் கோப்பு கண்ணுக்கு முன்னால் இருக்கும். உண்மையில் இல்லாதது அந்த நிரல் அல்ல, அதை ஏற்றும் டைனமிக் லோடர். நிரலுக்குள் எழுதப்பட்டிருக்கும் லோடரின் பாதை புதிய சிஸ்டத்தில் இல்லை. பல ஷெல்களுக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பல இரவுகள் மிச்சமாகும்.

ஜிசிசியை ஏன் திரும்பத் திரும்பக் கட்டச் சொல்கிறார்கள்?

கேட்பவர்களுக்கு இது வீண் வேலை போலத் தெரியும். வரிசையைப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒரு கடன் தீர்வது தெரியும்.

ஜிசிசியும் ஜிலிப்சி என்ற சி லைப்ரரியும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. ஜிலிப்சியைக் கட்ட புதிய சிஸ்டத்துக்கான கம்பைலர் வேண்டும். அந்தக் கம்பைலரை முழுதாகக் கட்ட ஜிலிப்சி வேண்டும், ஏனென்றால் அதனுடன் வரும் சி++ ஸ்டாண்டர்ட் லைப்ரரி சி லைப்ரரியின் மேல்தான் உட்காரும். இந்தச் சுழலை எல்எஃப்எஸ் இப்படி வெட்டுகிறது. முதலில் பின்யூட்டில்ஸ், அதாவது இயந்திரக் குறியீட்டை ஆக்கும் அசெம்பிளரும் துண்டுகளை இணைக்கும் லிங்கரும். அடுத்து ஒரு கை, ஒரு கால் கட்டப்பட்ட ஜிசிசி: ஹெடர்கள் இல்லை, த்ரெட் இல்லை, ஷேர்டு லைப்ரரி இல்லை. இந்த அரைகுறைக் கம்பைலரால் ஒரு வேலை மட்டும் ஒழுங்காக முடியும், ஜிலிப்சியைக் கட்டுவது. அதற்கு முன் இயங்குதளத்தின் மையமான கர்னலின் ஹெடர்களை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், கர்னலையே கட்டத் தேவையில்லை. ஜிலிப்சி வந்தபின் ஜிசிசியின் அதே சோர்ஸிலிருந்து சி++ லைப்ரரியை மட்டும் தனியாகக் கட்டுகிறோம்.

இதுவரை ஓடியதெல்லாம் ஹோஸ்டின் மேல். இப்போது கையில் உள்ள குறுக்குக் கம்பைலரை (ஒரு சிஸ்டத்தில் ஓடி வேறொரு சிஸ்டத்துக்கான பைனரி தருவதை) கொண்டு ஷெல், கோர்யூட்டில்ஸ் (அடிப்படைக் கட்டளைகள்), மேக் (கட்டுமானத்தை வரிசைப்படி ஓட்டுவது), டார் (கோப்புகளை ஒன்றாகக் கட்டுவது) போன்ற தற்காலிகக் கருவிகளையும், இரண்டாம் முறையாகப் பின்யூட்டில்ஸையும் ஜிசிசியையும் கட்டுகிறோம். இந்த ஜிசிசி புதிய சிஸ்டத்துக்குள்ளேயே ஓடும். சிஹெச்ரூட் செய்து உள்ளே போனபிறகு கர்னலைத் தவிர ஹோஸ்டின் எதுவும் நமக்குத் தேவையில்லை. கடைசியாக உள்ளே இருந்தபடியே எல்லாவற்றையும் நிரந்தரமாக மறுபடி கட்டுகிறோம். மூன்றாவது ஜிசிசி அங்கே வருகிறது.

அது போக, ஜிசிசியின் சொந்தக் கட்டுமானத்துக்குள்ளேயே ஒரு மூன்று கட்டம் உண்டு. குறுக்குக் கம்பைலராக இல்லாமல் சாதாரணமாகக் கட்டினால், முதல் கட்டத்தை ஏற்கெனவே இருக்கும் கம்பைலர் கட்டும். இரண்டாவதை முதலாவது கட்டும். மூன்றாவதை இரண்டாவது கட்டும். பிறகு இரண்டாவதன் ஆப்ஜெக்ட் கோப்புகளையும் மூன்றாவதன் கோப்புகளையும் ஒப்பிடும். ஒன்றாக இருக்க வேண்டும். முதலாவதை ஏன் ஒப்பிடுவதில்லை? அதன் இயந்திரக் குறியீட்டை எழுதியது வேறு கம்பைலர். நடத்தை ஒன்றானாலும் கையெழுத்து வேறு.

கட்டும் இலக்கின் பெயரில் நடுவில் 'எல்எஃப்எஸ்' என்று எதற்கு?

எந்த இயந்திரத்துக்குக் கட்டுகிறோம் என்று சொல்லும் பெயரில் அது ஒரு சின்னத் தந்திரம். ஹோஸ்டும் புதிய சிஸ்டமும் ஒரே வகை 64 பிட் இன்டெல் இயந்திரம்தான். ஆனால் பெயரின் நடுப்பகுதி வேறாக இருந்தால் கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகள் இரண்டையும் வேறு இயந்திரங்கள் என்று நம்பிவிடும். வேறு இயந்திரம் என்றால், கட்டிய சோதனை நிரலை ஓட்டிப் பார்க்க முயலாது. குறுக்கு லிங்கரும் ஹோஸ்டின் லைப்ரரிக் கோப்புறைகளைத் தேடாமல் நாம் காட்டிய சிஸ்ரூட்டுக்குள் (புதிய சிஸ்டத்தின் வேர்க் கோப்புறைக்குள்) மட்டும் தேடும். இந்த முறை 2020 செப்டம்பரில் வந்த 10.0 பதிப்பிலிருந்து எல்எஃப்எஸ்ஸில் இருக்கிறது. அதற்கு முந்தைய பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு இன்றைய பதிப்பைக் கட்ட முயல வேண்டாம். இரண்டும் கலந்தால் எதுவும் வராது.

ஹோஸ்ட் கசிந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஜிலிப்சி கட்டி முடித்த கையோடு, வெறும் மெயின் மட்டும் உள்ள ஒரு வரி சி நிரலைக் குறுக்குக் கம்பைலரால் கட்டுங்கள். கிடைக்கும் கோப்பை ரீட்எல்ஃப் கருவியால் பார்த்து, எந்த லோடரைக் கேட்கிறது என்று பாருங்கள். 64 பிட் இன்டெலில் லிப்64 கோப்புறையில் உள்ள லோடரின் பாதை வர வேண்டும். அதற்கு முன்னால் உங்கள் புதிய பார்ட்டிஷனின் மவுண்ட் பாதை ஒட்டிக்கொண்டு வந்தாலோ, வேறு எதுவும் வந்தாலோ, அங்கேயே நிறுத்துங்கள். மேலே கட்டுவது எல்லாம் வீண்.

கசிவுக்கு வழக்கமான வழிகள் சில. உங்கள் ஷெல்லில் முன்பே அமைத்திருந்த, லைப்ரரி பாதையைச் சொல்லும் சூழல் மாறி, என்றைக்கோ போட்ட சிஃப்ளாக்ஸ் (கம்பைலருக்கான விருப்பங்கள்), வீட்டுக் கோப்புறையில் நிறுவிய பைத்தான். அதனால்தான் எல்எஃப்எஸ் தனியாக ஒரு பயனரை உருவாக்கி, சூழல் மாறிகள் அனைத்தையும் துடைத்துவிட்டுத் தொடங்கச் சொல்கிறது. பாஷ் ஷெல் கட்டளைகளின் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தையும் அணைக்கச் சொல்கிறது. இல்லாவிட்டால் புதிய கருவி வந்தபிறகும் பழையதையே போய் ஓட்டும்.

தனிப் பயனர் என்பது அலங்காரம் இல்லை. என் இரண்டாவது முயற்சியில் மடிக்கணினியை மறுதொடக்கம் செய்துவிட்டு, புதிய பார்ட்டிஷனைச் சுட்டும் மாறியை அமைக்க மறந்து, சோம்பலில் ரூட் பயனராகவே ஜிலிப்சியை நிறுவினேன். மாறி காலி. எனவே அது நேராக ஹோஸ்டின் தலையில் போய் இறங்கியது. அடுத்த நொடியிலிருந்து பட்டியல் போடும் கட்டளைகூட ஓடவில்லை. சாதாரணப் பயனராக இருந்திருந்தால் "அனுமதி இல்லை" என்ற ஒரு வரியோடு முடிந்திருக்கும்.

என் ஹோஸ்ட் ரொம்பப் பழசு. பரவாயில்லையா?

ஓரளவு வரை. ஜிசிசி 4.7 வரை வெறும் சி கம்பைலர் இருந்தால் கட்டிவிடலாம். 2013இல் வந்த 4.8 முதல் சி++ வேண்டும். ஜிசிசி 11 முதல் சி++11 தெரிந்த கம்பைலர் வேண்டும். மிகப் பழைய ஹோஸ்டிலிருந்து இன்றைய ஜிசிசிக்கு ஒரே தாவலில் போக முடியாது. நடுவில் ஒரு பழைய ஜிசிசியைப் படிக்கல்லாகக் கட்ட வேண்டியிருக்கும். நேர்மையாகச் சொன்னால், அப்படிப்பட்ட நிலையில் புதிய லைவ் யூஎஸ்பி ஒன்றில் பூட் செய்து அதையே ஹோஸ்டாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பதிப்புகளைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் எல்எஃப்எஸ் வழிகாட்டியிலேயே இருக்கிறது. ஓட்டாமல் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு கேள்வி கேட்கிறார்கள். குறிப்பாக டெபியன், உபுண்டுவில் 'எஸ்ஹெச்' என்ற பெயர் டாஷ் ஷெல்லைச் சுட்டும். உரையை அலசும் 'ஆக்' என்ற கருவியின் பெயர் அதன் இன்னொரு வகையான 'மாக்'கைச் சுட்டக்கூடும். வழிகாட்டி எதிர்பார்ப்பது 'பாஷ்' ஷெல்லையும், 'காக்' என்ற வகையையும்.

ரொம்பப் புதுசாக இருந்தால்?

இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை, ஆனால் இப்போதெல்லாம் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். ஜிசிசி 14, அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பது போன்ற பழைய சி பழக்கங்களை எச்சரிக்கையிலிருந்து பிழையாக மாற்றிவிட்டது. ஜிசிசி 15, தரநிலை எதுவும் சொல்லாவிட்டால் சி23 என்று எடுத்துக்கொள்கிறது. அதில் ஃபங்ஷன் அறிவிப்பில் காலி அடைப்புக்குறி போட்டால் அளவுருக்கள் இல்லை என்று பொருள். பழைய நிரல்கள் "எதுவும் வரலாம்" என்ற அர்த்தத்தில் எழுதியவை. 'பூல்' என்பதும் இப்போது மொழியின் சொந்தச் சொல், அதைத் தானே வரையறுத்துக்கொண்ட பழைய நிரல் தடுக்கி விழும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கான்ஃபிகர் ஸ்கிரிப்டுக்குள் இருக்கும் குட்டிச் சோதனை நிரல்களும் பழைய சியில் எழுதப்பட்டவைதான். அவை பிழையாகும்போது கட்டுமானம் நிற்காது. "இந்த வசதி உங்கள் சிஸ்டத்தில் இல்லை" என்று ஸ்கிரிப்ட் தவறாக முடிவு செய்துகொண்டு நகர்ந்துவிடும். கிடைப்பது ஊனமான ஒரு பைனரி. பழைய பொதியைக் கட்டும்போது 89 அல்லது 17 ஆண்டுத் தரநிலையை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

ஒன்றை ஒன்று கேட்கும் பொதிகளை எப்படிப் பிரிப்பது?

எழுத்துருக்களைக் கையாளும் ஃப்ரீடைப்பும் ஹார்ஃப்பஸ்ஸும் இதற்குப் பேர்போனவை. ஃப்ரீடைப் தன் தானியங்கி ஹின்டிங்கை (எழுத்துகளைத் திரையில் தெளிவாகப் பொருத்தும் வேலையை) மேம்படுத்த ஹார்ஃப்பஸ்ஸைப் பயன்படுத்தும். ஹார்ஃப்பஸ்ஸுக்கு ஃப்ரீடைப் வேண்டும். வழி எளிது. ஹார்ஃப்பஸ் இல்லாமல் ஃப்ரீடைப், பிறகு ஹார்ஃப்பஸ், பிறகு மறுபடி முழு ஃப்ரீடைப். ஜென்டூவில் ஒரு வசதி வேண்டுமா என்று சொல்லும் யூஸ் ஃப்ளாக்கைத் தற்காலிகமாக அணைத்து இதையே செய்கிறார்கள். டெபியனில் 'பில்ட் ப்ரொஃபைல்' என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆவணம் இல்லாமல், சோதனை இல்லாமல், சில வசதிகள் இல்லாமல் ஒரு பொதியை முதல் சுற்றில் கட்டலாம் என்று அதன் குறிப்பிலேயே எழுதிவைக்கலாம்.

முன்பு இன்னொன்று இருந்தது. லைப்ரரிகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவியைக் கட்ட ஜிலிப் என்ற லைப்ரரி வேண்டும், ஜிலிப்பைக் கட்ட பிகேஜி-கான்ஃபிக் வேண்டும். கடைசியில் பிகேஜி-கான்ஃபிக் தன் வயிற்றுக்குள்ளேயே ஜிலிப்பின் ஒரு நகலை வைத்துக்கொண்டு வந்தது. இப்போது பலரும் ஜிலிப்பே தேவைப்படாத பிகேஜிகான்ஃப்புக்கு மாறிவிட்டார்கள்.

இத்தகைய சுழலைச் சந்தித்தால் முதலில் பார்க்க வேண்டியது, எந்தப் பக்கத்துத் தேவை கட்டாயம், எந்தப் பக்கம் வெறும் வசதி என்பதை. பத்தில் எட்டு முறை ஒரு பக்கம் ஆவணம் தயாரிக்கவோ சோதனை ஓட்டவோ மட்டும் கேட்கும். அதை வெட்டுங்கள். எதை வெட்டினீர்கள் என்று ஒரு தாளிலாவது எழுதிவையுங்கள். இரண்டாம் சுற்றில் மறுபடி கட்ட மறந்தவர்கள் நிறையப் பேர், நானும் அதில் சேர்த்தி.

ரஸ்ட், கோ, ஜாவா மொழிகள் எல்லாம் எப்படி?

கோ பரவாயில்லை. 1.4 வரை அதன் கம்பைலர் சியில் இருந்தது. 2015இல் வந்த 1.5 முதல் கோவிலேயே எழுதப்படுகிறது. எனவே சி கம்பைலரால் 1.4, அதிலிருந்து 1.17, அதிலிருந்து 1.20, அதிலிருந்து 1.22, அதிலிருந்து 1.24 என்று ஏணி ஏறிவிடலாம். சில படிகள்தான், ஒவ்வொன்றும் சீக்கிரம் முடியும்.

ரஸ்ட்தான் பொறுமையைச் சோதிக்கும். முதல் கம்பைலர் ஓகாம்ல் மொழியில் இருந்தது. 2011இல் தன்னைத் தானே கட்டிக்கொள்ளத் தொடங்கியது. அப்போதிலிருந்து ஒவ்வொரு பதிப்பையும் கட்ட அதற்கு முந்தைய பதிப்பு வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு! சாதாரணமாகக் கட்டினால் முந்தைய பதிப்பின் பைனரியைத் தானே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். சிஹெச்ரூட்டுக்குள் வலைத்தொடர்பு இல்லாமல் கட்டுபவர்கள் இங்கேதான் நிற்பார்கள். பைனரி வேண்டாம் என்பவர்களுக்கு எம்ரஸ்ட்சி இருக்கிறது. சி++இல் எழுதப்பட்ட வேறொரு ரஸ்ட் கம்பைலர். நிரல் சரியானது என்று நம்பிக்கொண்டு, நினைவகப் பிழைகளைத் தடுக்கும் ரஸ்டின் புகழ்பெற்ற கடன் சோதனையைச் செய்யாமலே மொழிபெயர்க்கும். அதைக் கொண்டு, உதாரணமாக, 1.54ஐக் கட்டி, அங்கிருந்து 1.55, 1.56 என்று ஒவ்வொன்றாக ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும், ரஸ்டுக்கு இயந்திரக் குறியீட்டை ஆக்கித்தரும் எல்எல்விஎம்மின் பாரம் வேறு.

"ரஸ்ட் எனக்கு வேண்டாம்" என்று ஒதுங்கவும் முடியாது. ஃபயர்ஃபாக்ஸ் கேட்கும். எஸ்விஜி படங்களைக் காட்டும் லிப்ஆர்எஸ்விஜி கேட்கும், அது இல்லாமல் க்னோம் டெஸ்க்டாப் இல்லை. பைத்தானின் கிரிப்டோகிராஃபி பொதி 2021 முதல் கேட்கிறது.

ஜாவாவில் ஓபன்ஜேடிகே ஒவ்வொன்றுக்கும் முந்தைய பதிப்பு வேண்டும். வேர் வரை போக விரும்புபவர்கள் சி++இல் எழுதப்பட்ட ஜைக்ஸ் என்ற பழைய கம்பைலரையும் ஜேம்விஎம் என்ற ஜாவா மெய்நிகர் இயந்திரத்தையும் தூசி தட்டி எடுக்கிறார்கள்.

என் கருத்து: முதல் முறை கட்டுபவர் ரஸ்டுக்கும் ஜாவாவுக்கும் அதிகாரபூர்வப் பைனரியைச் சரிபார்ப்புத் தொகையோடு இறக்கிக்கொள்ளலாம். கடன் வாங்குவதில் வெட்கம் இல்லை; வாங்கியது தெரியாமல் இருப்பதுதான் சிக்கல்.

டார் கோப்பில் வரும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டும் சோர்ஸ்தானே?

இல்லை. அது ஆட்டோகான்ஃப் என்ற கருவி உற்பத்தி செய்தது. பல்லாயிரம் வரி ஷெல் நிரல், யாரும் வாசிப்பதில்லை. பைசன் உருவாக்கிய பார்சர்களும் அப்படித்தான். எழுத்தாக இருப்பதால் சோர்ஸ் மாதிரி தெரிகிறது, அவ்வளவே.

இது வெறும் தத்துவப் பேச்சு இல்லை. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பதை வெளியிட்டார். அதைக் கிளப்பிவிட்ட எம்4 கோப்பு (கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்க ஆட்டோகான்ஃப் படிப்பது), சோர்ஸை வைத்திருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டு டார் கோப்பில் மட்டும் இருந்தது. கட்டுமானத்தின்போது அது சோதனைத் தரவு போல வேடமிட்டிருந்த கோப்புகளைப் பிரித்து லைப்ரரிக்குள் சேர்த்தது. களஞ்சியத்தை வரி வரியாகப் படித்தவர்கூட அந்த வரியைப் பார்த்திருக்க மாட்டார்.

லைவ்-பூட்ஸ்ட்ராப் என்ற திட்டம் இத்தகைய உற்பத்திக் கோப்புகளை முதலில் அழித்துவிட்டு, தானே மறுபடி உருவாக்குகிறது. அதற்காகப் பேர்ல் மொழியை 5.000இலிருந்து தொடங்கிப் பல படிகளில் ஏற்றுகிறார்கள். பைசனைக் கட்டக் கையால் எழுதிய எளிய பார்சரில் தொடங்கிப் பல சுற்று போகிறார்கள். பார்க்கவே மலைப்பாக இருக்கும்.

கட்டும்போது திடீரென்று 'ஆட்டோமேக் இல்லை' என்கிறது. நான் அதைக் கேட்கவே இல்லையே?

கோப்புகளின் நேரம் குழம்பியிருக்கிறது. மூலக் கோப்பு, அதிலிருந்து உருவான கோப்பைவிடப் புதிதாகத் தெரிந்தால் மேக் அதை மறுபடி உருவாக்கப் பார்க்கும். அதற்கான கருவி இன்னும் கட்டப்படவில்லை. நேரத்தைப் பாதுகாக்காமல் நகலெடுத்தாலோ, மதர்போர்டு பேட்டரி செத்து கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தாலோ இப்படி ஆகும். கடிகாரத்தைச் சரிசெய்து, டார் கோப்பை மறுபடி பிரித்துத் தொடங்குங்கள்.

எல்லாவற்றையும் சோர்ஸிலிருந்து கட்டினால் என் சிஸ்டம் பாதுகாப்பானதா?

1984இல் கென் தாம்சன் தன் டூரிங் விருது உரையில் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். லாகின் நிரலைக் கட்டும்போது பின்கதவு வைக்கும் ஒரு கம்பைலர். அதே கம்பைலர், கம்பைலரின் சுத்தமான சோர்ஸைக் கட்டும்போதும் அந்தத் தந்திரத்தைப் புதிய பைனரிக்குள் வைத்துவிடும். சோர்ஸில் ஒரு தடயமும் இருக்காது. புளித்த உறைமோர் தலைமுறை தலைமுறையாகப் போவது போல.

இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. டேவிட் வீலர் 2009இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் விரித்துச் சொன்னது. சந்தேகத்துக்குரிய கம்பைலரின் சோர்ஸை, அதோடு எந்த உறவும் இல்லாத வேறொரு கம்பைலரால் கட்டுங்கள். கிடைத்த பைனரியால் அதே சோர்ஸை மறுபடி கட்டுங்கள். இரண்டாவதாகக் கிடைப்பதும் சந்தேகத்துக்குரிய கம்பைலர் தன்னைத் தானே கட்டித் தருவதும் பிட்டுக்குப் பிட் ஒன்றாக இருந்தால் அந்தச் சோர்ஸில் இல்லாதது பைனரியிலும் இல்லை. இரண்டு கம்பைலரிலும் ஒரே தந்திரம் ஒளிந்திருந்தால் ஒழிய. கட்டிய நேரம், கோப்புறைப் பெயர் எல்லாம் பைனரிக்குள் பதிந்தால் ஒப்பிடவே முடியாது என்பதால், ஒரே சோர்ஸ் எப்போதும் ஒரே பைனரியைத் தர வேண்டும் என்பது இதற்கு முன்நிபந்தனை.

கடன் வாங்காமலே தொடங்க முடியுமா?

உறைமோர் இல்லாத வீட்டில் வெதுவெதுப்பான பாலில் மிளகாய்க் காம்பைப் போட்டுத் தயிர் தோய்ப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? கிட்டத்தட்ட அதைத்தான் கைக்ஸ் திட்டம் செய்தது.

2019க்கு முன் கைக்ஸ் தொடங்கிய பைனரி விதைகளின் அளவு சுமார் 250 எம்பி. அதைப் படிப்படியாகக் குறைத்து 2023 ஏப்ரலில் 357 பைட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த 357 பைட் நிரலின் பெயர் ஹெக்ஸ்0. பதினாறின் அடி எண்களை எழுத்தாகப் படித்து, குறிப்புரைகளைத் தள்ளிவிட்டு, பைட்டாக எழுதும். வேறொன்றும் தெரியாது. அதன் சோர்ஸும் அதே எண்கள்தான், பக்கத்தில் விளக்கத்தோடு. ஒரு மாலையில் உட்கார்ந்து கையால் சரிபார்த்துவிடலாம்.

அதைக் கொண்டு ஒற்றை எழுத்து லேபிள் புரியும் ஹெக்ஸ்1, நீண்ட லேபிள் புரியும் ஹெக்ஸ்2, பிறகு மேக்ரோ அசெம்பிளர், பிறகு அசெம்பிளியில் எழுதிய சின்ன சி கம்பைலர். அது எம்2-பிளானெட்டைக் கட்டும், எம்2-பிளானெட் க்னூ மெஸ்ஸைக் கட்டும். மெஸ் என்பது ஒரு ஸ்கீம் மொழி இன்டர்ப்ரெட்டரும், ஸ்கீமில் எழுதிய சி கம்பைலரும் சேர்ந்தது. மெஸ் டிசிசி என்ற குட்டி சி கம்பைலரைக் கட்டும். டிசிசி பழைய ஜிசிசியைக் கட்டும்; கைக்ஸில் அது 2.95.3. அங்கிருந்து 4.6.4, 4.9.4 என்று இன்றைய ஜிசிசி வரை. பழைய ஜிசிசிக்கு இங்கே மதிப்பு கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். வெறும் சியால் கட்டக்கூடியவை அவை மட்டுமே.

கறாராகப் பார்த்தால் இதிலும் கடன் பாக்கி இருக்கிறது. கைக்ஸில் கட்டுமானத்தை ஓட்டுவது கைல் என்ற ஸ்கீம் இன்டர்ப்ரெட்டரின் பைனரி, அடியில் ஒரு முழு லினக்ஸ் கர்னல். லைவ்-பூட்ஸ்ட்ராப் அதையும் விடவில்லை. ஹெக்ஸ் எண்களிலேயே எழுதப்பட்ட பில்டர்-ஹெக்ஸ்0 என்ற குட்டிக் கர்னலில் பூட் செய்து, நடுவில் ஃபிவிக்ஸ் என்ற சிறிய கர்னலைக் கட்டி அதற்குத் தாவி, பிறகு லினக்ஸுக்குப் போகும் வழி அதில் உண்டு. அதற்கும் அடியில் பயோஸும் ப்ராசஸரும் இருக்கின்றன என்று யாராவது சொல்வார்கள். இருக்கின்றனதான்.

பிஎஸ்டி-காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லையா?

குறைவு. கர்னல், சி லைப்ரரி, கம்பைலர், கருவிகள் எல்லாம் ஒரே சோர்ஸ் மரத்தில் இருப்பதால் வரிசையை அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். நெட்பிஎஸ்டியின் பில்ட் ஸ்கிரிப்ட் 2002இல் வந்த 1.6இலிருந்து இருக்கிறது. எந்த யுனிக்ஸ் வகை ஹோஸ்டிலும் முதலில் தனக்கான மேக்கையும் குறுக்குக் கம்பைலரையும் கட்டிக்கொண்டு, அதன்பிறகு அவற்றால் மட்டும் முழு சிஸ்டத்தையும் கட்டும். இந்த விஷயத்தில் நான் பார்த்ததிலேயே சுத்தமான வேலை இதுதான். ஃப்ரீபிஎஸ்டியில் புதிய கர்னலை நிறுவி, மறுதொடக்கம் செய்து, அதன்பிறகே பயனர் நிரல்களை நிறுவ வேண்டும். புதிய நிரல்கள் பழைய கர்னலுக்குத் தெரியாத சிஸ்டம் கால்களை (கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகளை) கேட்கலாம். ஓபன்பிஎஸ்டி-காரர்கள் நேராகவே சொல்லிவிடுவார்கள்: சோர்ஸிலிருந்து கட்டும் முன் மிக அண்மைய ஸ்னாப்ஷாட்டை நிறுவிக்கொள், பழையதிலிருந்து தாவாதே.

பாதியில் உடைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

சிஹெச்ரூட்டுக்குள் தற்காலிகக் கருவிகள் எல்லாம் முடிந்து, நிரந்தரக் கட்டுமானம் தொடங்கும் முன் ஓர் இடைவெளி வரும். அங்கே முழுக் கோப்புறையையும் ஒரு டார் கோப்பாகக் கட்டி வேறு வட்டில் வையுங்கள். அதற்கு முன் சிஹெச்ரூட்டிலிருந்து வெளியே வந்து, ப்ராக், டெவ் போன்ற மெய்நிகர் மவுண்ட்களைக் கழற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு எது உடைந்தாலும் அந்த இடத்துக்குத் திரும்பலாம்.

ஒவ்வொரு பொதியின் வெளியீட்டையும் தனித்தனிப் பதிவுக் கோப்பில் சேமியுங்கள். பல கோர்களில் இணையாக ஓட்டிக் கட்டும்போது உடைந்தால், கடைசி வரியில் இருப்பது உண்மையான பிழையாக இருக்காது. நூறு வரி மேலே இருக்கும். ஒரே கோரில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். அப்போது ஒழுங்காக முடிந்தால் நினைவகம் போதவில்லை, அல்லது அந்தப் பொதியின் மேக்ஃபைலில் வரிசை தவறு. "கில்டு" என்று மட்டும் சொல்லி நின்றால் பெரும்பாலும் நினைவகம்தான். என் 4 ஜிபி மடிக்கணினியில் ஜிசிசிக்கு இரண்டு கோருக்கு மேல் கொடுத்ததே இல்லை.